கவுன்சிலுக்குப் போன ராதாமணி

புதியம்புத்தூரில் ராதாமணிக்குச் சொந்தமாக ஒரு தையல் கம்பெனி இருந்தது. 2001இல் மாநிலத் தொழில் பழகுநர் கவுன்சிலில் முதலாளிமார் தரப்பு உறுப்பினராக அரசு அவளை நியமித்தபோது, ஊரில் பாதிப் பேர் அவள் ஏதோ வார்டு கவுன்சிலர் ஆகிவிட்டதாகவே நினைத்தார்கள். தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லக்கூட ஆள் வந்தது.

சென்னையில் முதல் கூட்டம். மேசையின் ஒரு பக்கம் அதிகாரிகள், எதிரே முதலாளிமார். தொழிலாளர் தரப்பு நாற்காலிகள் காலி. கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, அதாவது கோரம், இல்லையென்று டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சின்னக் கம்பெனிகளும் வேலை கற்க வரும் பழகுநர்களைச் சேர்க்கலாம் என்று அவள் கொண்டுபோன தீர்மானம் பையிலேயே திரும்பி வந்தது.

வராதவர்களில் ஒருவர் கோவில்பட்டி மில் சங்கத்துப் பூவனலிங்கம். ராதாமணியின் கம்பெனி வாசலிலேயே ஒருதரம் கொடி பிடித்தவர். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் அவருக்கே போன் போட்டாள்.

“அண்ணாச்சி, நான் மணியாச்சியில ரயில் ஏறுதேன். உங்களுக்கும் சேத்து டிக்கெட் எடுத்தாச்சு.”

கோவில்பட்டியில் ஏறியதும் ஏறாததுமாக அவர் ஆரம்பித்தார். “பழகுநர்னு புதுப் பிள்ளைகளச் சேத்துக்கிட்டு, பழைய ஆளுகள வீட்டுக்கு அனுப்பிருவீங்க. நான் எதிர்த்துதான் பேசுவேன், முதலாளியம்மா.”

“பேசுங்க. வராம வீட்டுல இருந்தா உங்க ஆளுகளுக்கு யாரு பேசுவா?”

 அவள் பிரித்த தயிர்ச்சோற்றில் பாதியை வாங்கிக்கொண்டார். சண்டை மட்டும் ஓயவில்லை; மதுரை வந்தும் முடிவு வரவில்லை.

மறுநாள் கூட்டத்தில் கோரம் இருந்தது. ராதாமணி தீர்மானத்தைச் சொல்லி முடித்ததும் பூவனலிங்கம் எழுந்தார். அவர் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ள அவள் பேனாவை எடுத்தாள்.

“வழிமொழியுதேன். ஒரு நிபந்தனை. பழைய ஆளு ஒருத்தர வேலைய விட்டு நிறுத்தினாலும் அந்தக் கம்பெனிக்குப் பழகுநர் சேக்குற அனுமதி ரத்து.”

தலைவர் ராதாமணியைப் பார்த்தார். “எனக்குச் சம்மதம் சார்,” என்றாள். “ரயில்லயே இதைச் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் நல்லாத் தூங்கியிருக்கலாம்.”

கூட்டமே சிரித்தது. தீர்மானம் நிறைவேறி, கவுன்சிலின் பரிந்துரையாக அரசுக்குப் போனது. சில மாதங்களில் ஆணையும் வந்தது.

பழகுநர் பெண்கள் சேர்ந்த அன்றே பூவனலிங்கம் கம்பெனிக்கு வந்துவிட்டார். மிஷின் மிஷினாகப் போய்ப் பழைய ஆட்களிடம் நலம் விசாரித்தார்.

“எல்லாரும் இருக்காவ,” என்றவர், ஒரு புதுப் பெண் தைத்த காலரை எடுத்துப் பார்த்தார். “கோணலா இருக்கே.”

“அதப் படிக்கத்தான அண்ணாச்சி வந்திருக்கா,” என்று அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள் ராதாமணி.