ஈரத்துக்குக் கழிக்காத எடை

அண்ணனுடைய கணுக்காலுக்கு மேலே என் கட்டைவிரல் பதிந்த குழி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. விளையாட்டாகத்தான் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் அது மூடவில்லை. வேறு பேச்சுப் பேசிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், யாரோ இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதுபோல அங்கேயே கிடந்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

மரக்காணம் உப்பளத்தில் அண்ணன் உப்பு வாருகிறவர். நான் மூட்டைகளை எடை போடுகிறவன். இதயம் பலவீனமாகிவிட்டது என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு மாத்திரைகள் கொடுத்தார்கள். அதில் ஒன்று நீர் பிரிகிற மாத்திரை. "ஒங்க அண்ணன் எளைக்காம பாத்துக்கப்பா" என்று அண்ணி என்னிடம் சொன்னார். அவ்வளவுதான், வாரத்துக்கு ஒருமுறை அண்ணனை உப்பு மூட்டை நிறுத்தும் தராசில் ஏற்றிவிடுவேன்.

இரண்டாவது வாரம் இரண்டு கிலோ குறைந்திருந்தது. அடுத்த வாரம் இன்னும் ஒன்று. மாத்திரைதான் ஆளைக் கரைக்கிறது என்று நானே முடிவுகட்டி, நீர் மாத்திரையை மட்டும் அண்ணிக்குத் தெரியாமல் நிறுத்தச் சொன்னேன். அண்ணனும் என் பேச்சைக் கேட்டார். எடை ஏறி அறுபத்திரண்டில் நின்றது. நோய் வருவதற்கு முன் இருந்த அதே எடை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகுதான் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. தராசு அறுபத்திரண்டு என்கிறது. ஆள் குறைந்துகொண்டே போகிறார். இரண்டு வாய் தின்றதும் வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளுவார். நெற்றிப்பொட்டு உள்ளே போயிற்று. சட்டை தோளில் தொங்கியது. கால்கள் மட்டும் வேறு யாருடையவோபோலத் தடித்திருந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே கண்மூடுவார். உட்கார்ந்திருப்பது அண்ணன்தானா என்று வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அவரிடம் பயம் வந்துவிட்டது.

ஊர் நர்சம்மா வந்தபோது எடையையெல்லாம் ஒப்பித்தேன். அவர் அண்ணனின் புஜத்தைப் பிடித்துப் பார்த்தார். தோலும் எலும்பும்தான் கைக்கு அகப்பட்டன.

"நனைஞ்ச உப்ப அப்படியேவா எடை போடுவே? ஈரத்துக்குக் கழிக்கமாட்டே? இதெல்லாம் தண்ணிப்பா. உள்ள ஒங்க அண்ணன் கரைஞ்சிட்டே போறாரு."

தினமும் மூட்டை மூட்டையாக ஈரம் கழிக்கிறவன் நான். கூடப் பிறந்தவருக்குக் கழிக்கத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் உடம்பிலிருந்த நீரை இறக்கினார்கள். பத்து நாளில் நாற்பத்தெட்டு கிலோ. பிள்ளைகளுக்காக அதுவரை ஊரிலேயே இருந்துவிட்டு அன்றுதான் வந்த அண்ணி, கட்டிலில் கிடந்தவரைப் பார்த்ததும் வார்டு மாறி வந்துவிட்டதாக நினைத்துத் திரும்பி நடந்தார். டாக்டர் சொன்னார், சதை எப்போதோ போய்விட்டதாம். அந்த இடத்தில் இத்தனை நாளும் தண்ணீர்தான் இருந்ததாம்.

"நீர் மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் எங்கள் மூவரையும் பார்த்துக் கேட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல சார். அடிக்கடி ஒண்ணுக்குப் போவுதுன்னு நானே வுட்டுட்டேன்."

அந்த உடம்பில் குரல் மட்டும்தான் பழைய அண்ணனுடையது. அடுத்த வாரம் அதுவும் அடங்கிவிட்டது.

இப்போதும் அண்ணி, "சொன்ன பேச்ச கேக்காத மனுசன், மாத்திரைய வுட்டுட்டு எங்கள இப்பிடி வுட்டுட்டுப் போயிட்டாரே" என்று அவரைத் திட்டித் திட்டி அழுகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமா அண்ணி" என்கிறேன்.