ஆடி வெள்ளியில் எரிந்த வண்டி விளக்கு

காளியப்பனுக்குக் கோபம் வரக் காரணமே தேவையில்லை என்று மலாயாவின் பாலோ வட்டாரத்தில் சொல்லுவார்கள். சுத்தப் பொய். காரணம் எப்போதும் இருந்தது. அதைக் காது கொடுத்துக் கேட்கத்தான் ஆள் இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவன் உத்தரவு போடுவதும், முழுக்கத் தெரிந்தவன் கைகட்டி நிற்பதும் தோட்டத்து வழக்கம். அதை இருபது வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தவன் அவன்.

பதினேழு வயதில் பால்மரம் சீவத்தான் அந்தத் தோட்டத்துக்கு வந்தான். ஒருநாள் ரப்பர் ஷீட் உருட்டும் இயந்திரம் நின்றுபோயிற்று. சிங்கப்பூரிலிருந்து ஆள் வரும்வரை பொறுக்காமல் அவனே பிரித்துப் பூட்டி ஓட்டிக் காட்டினான். கேட்காமல் கை வைத்ததற்கு முதலில் திட்டு வாங்கினான், ஒரு வாரம் கழித்து இன்ஜின் கொட்டகையில் வேலை வாங்கினான். துரை பங்களாவுக்கு டைனமோவிலிருந்து வயர் இழுத்து விளக்கு போட்டதும் அவன்தான். கூலிகள் குடியிருக்கிற லயத்துக் குழாயடிக்கு ஒரே ஒரு பல்பு போடட்டுமா என்று கேட்டதற்கு, மண்ணெண்ணெய் விளக்கு போதும் என்று தோட்டத்து ஆபீசின் பெரிய கிராணி சொல்லிவிட்டார். அந்தப் பதில் பத்து வருஷமாகக் காளியப்பன் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது.

முப்பத்தாறாம் வருஷம் சுற்றுவட்டாரத்து நாலு தோட்டங்களும் சேர்ந்து ஒரு மருந்து வண்டி செய்தன. லாரியின் மேல் பலகையால் ஒரு வீடு. உள்ளே மருந்து அலமாரி, ஒரு கட்டில், கை கழுவத் தொட்டி. யாழ்ப்பாணத்துக்காரரான டிரஸர் சிற்றம்பலம் அதிலேயே குடியிருந்து, தோட்டம் தோட்டமாகத் தானே ஓட்டிப் போய் மருந்து கொடுக்க வேண்டும். ஜனங்கள் வேலை முடிந்து குளித்துவிட்டு வருவதற்குள் இருட்டிவிடும். அதனால் வண்டிக்கு வெளியே நாலு விளக்கு வேண்டும் என்றார்கள். ஜொகூர் பாருவில் யாரோ ஒருவர் படம் வரைந்து அனுப்பினார். வேலை காளியப்பனிடம் வந்தது.

படத்தைப் பார்த்ததும் அவனுக்கு மண்டை சூடாகிவிட்டது. நாலு விளக்கையும் இன்ஜினைக் கிளப்புகிற அதே பேட்டரியில் கொண்டுபோய் மாட்டியிருந்தது.

"ஐயா, நிக்கிற வண்டிக்கு வெளக்குன்னா அதுக்குத் தனி பேட்டரி வேணும்ங்க. எஞ்சின் ஓடினாத்தான் பேட்டரிக்குச் சாப்பாடு. வண்டி நிக்கிறப்ப வெளக்கு அதைத் தின்னுக்கிட்டே இருந்தா, கெளம்புறப்ப எஞ்சினுக்கு என்ன இருக்கும்?"

சிற்றம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படத்திலை அப்பிடி இல்லையே காணும்."

"படம் போட்டவரு ஒரு நாளாச்சும் இந்த வண்டியில படுத்திருப்பாரா?"

"நானும் எழுதிக் கேட்டனான். தேவையில்லை எண்டு பதில் வந்திட்டுது. படத்திலை உள்ளபடி செய்யும்."

செய்தான். திட்டிக்கொண்டே செய்தான், ஆனால் ஒரு குறை சொல்ல முடியாதபடி செய்தான். வண்டியின் இரும்பையே ஒரு பக்கத்து வயராக வைத்துக்கொள்ளலாம் என்று படம் சொன்னது. துருப்பிடித்தால் விளக்கு கண் சிமிட்டும் என்று, எல்லா விளக்குக்கும் இரட்டை வயர் இழுத்தான். மழைத்தண்ணீர் வயர் வழியாக உள்ளே போகாமல் சொட்டி விழ, ஒவ்வொரு விளக்குக்கும் கீழே வயரை ஒரு வளைவு வளைத்து ஏற்றினான். கூரை ஓரத்தில் இரண்டு, பின்படியில் ஒன்று, வாசலுக்கு மேலே பெரிய பல்பாக ஒன்று. தனி பேட்டரியைத் தவிர அந்த வண்டியில் எல்லாம் இருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் வண்டி அவன் தோட்டத்துக்கு வரும். அவன் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே, குழாயடிக்குப் பக்கத்தில் நிற்கும். விளக்கு எரிந்ததும் வரிசையில் நிற்கிற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுவார்கள். லயத்துக்கு முன்னால் மின்சார விளக்கு எரிவதை அவர்கள் அதற்குமுன் கண்டதில்லை. யாரோ வாசல் விளக்கின் தகரத்தில் குங்குமம் வைத்துவிட்டார்கள். காளியப்பன் அதைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனான்.

"இது சாமி வெளக்கு இல்ல, பேட்டரி வெளக்கு! உங்களுக்கெல்லாம் எப்பத்தான் புத்தி வரும்?" என்று கத்துவான். அவர்கள் அவனுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

எட்டு மணிக்கு டிரஸர் கிராணி வீட்டுக்குப் போவார்; இந்தத் தோட்டத்தில் அவருக்கு ராத்திரிச் சாப்பாடும் படுக்கையும் அங்கேதான். அப்போது விளக்குகளை நிறுத்துவது காளியப்பனின் பொறுப்பு. ஒருநாள்கூட அவன் தவறியதில்லை.

அந்த ஆடி மாதம் அவன் மகள் புஷ்பவள்ளி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். சிற்றம்பலம் அவளைப் பார்த்துவிட்டுக் காளியப்பனைத் தனியே கூப்பிட்டார்.

"வயித்திலை பிள்ளை இன்னும் தலைகீழாத் திரும்பேல்லை. பிறக்க ரெண்டு கிழமை, பதினாலு நாள் கிடக்கு, அதுக்குள்ளை திரும்பினால் நல்லது. திரும்பாமல் பிரசவ நோ கண்டுதெண்டால் இஞ்சை வைச்சிருக்கேலாது. உடனே குளுவாங் ஆசுப்பத்திரிக்குப் போகவேணும். வண்டியிலை நானே கொண்டு போறன், பயப்பிடாதையும்."

அந்த வாரம் அடுத்த தோட்டத்துக்குப் போகிற வழியில் மரப்பாலம் உடைந்துபோனதால் வண்டி புதன்கிழமையே இங்கே வந்து நின்றுவிட்டது. மூன்று சாயங்காலம் நாலு விளக்கும் எரிந்தன, இன்ஜின் ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. கொஞ்ச நேரம் சும்மா ஓட்டிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவிடலாமா என்று காளியப்பன் டிரஸரிடம் கேட்டான். பெட்ரோல் பாதைக்கு மட்டும்தான் என்று ஜொகூர் பாருவிலிருந்து கடிதம் இருக்கிறதாம்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அவன் சுவிச்சைத் தொடப் போனபோது மனைவி பேச்சியம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"ஆடி வெள்ளி. வாசல்ல எரியிற வெளக்க நிறுத்தப் போறியா? வீட்டுல புள்ளத்தாச்சி படுத்திருக்கா."

"எத்தன தடவ சொல்றது? அது பேட்டரி…"

"என்ன எழவோ இருக்கட்டும். வெளிச்சம் வெளிச்சந்தானே! இன்னிக்கு ஒரு ராத்திரி விடு. ஒன்னே ஒன்னு. எனக்கு மனசு கெடந்து அடிச்சிக்குது."

காளியப்பன் மூன்று விளக்கை நிறுத்தினான். வாசல் விளக்கின் சுவிச்சில் கையை வைத்துக்கொண்டு நின்றான். மூன்று நாள் பட்டினி கிடந்த பேட்டரி, விடிய விடிய அந்தப் பெரிய பல்பைத் தாங்காது என்று அவனுக்குத் தெரியும். அவனைவிட நன்றாகத் தெரிந்த ஆள் அந்த ஜில்லாவிலேயே கிடையாது. கையை எடுத்துவிட்டான்.

பெண்டாட்டி சொன்னதற்காக எடுத்தான் என்றால் பாதி உண்மை. மீதியை நான் சொல்லத்தான் வேண்டும். பேட்டரி சாகட்டும் என்று நினைத்தான். காலையில் வண்டி கிளம்பாமல் நிற்கட்டும், டிரஸர் கடிதம் எழுதட்டும், படம் வரைந்தவன் முகத்தில் கரி பூசியதுபோல இருக்கட்டும். அந்த நினைப்போடு போய்ப் படுத்தவன் நன்றாகத் தூங்கினான்.

சனிக்கிழமை விடிவதற்குள் புஷ்பவள்ளிக்கு வலி கண்டுவிட்டது. சிற்றம்பலம் ஓடி வந்து பார்த்தார், முகம் மாறியது, ஓட்டுகிற இடத்தில் ஏறிச் சாவியைத் திருப்பினார். வண்டி முனகக்கூட இல்லை. காளியப்பன் முன்னால் ஓடிக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினான். அந்த இன்ஜினுக்குப் பொறி கிடைப்பதே பேட்டரியிலிருந்துதான். கையால் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பயனில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் சுற்றினான். உள்ளங்கை கிழிந்து கைப்பிடி வழுக்கும்வரை சுற்றினான். துரையின் கார் குளுவாங்குக்குப் போயிருந்தது. கொட்டகை டைனமோவில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற அரை நாளாகும். கடைசியில் மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அவளைப் பாலோ ரயிலடிக்குக் கொண்டுபோனார்கள். சிற்றம்பலம் வழியெல்லாம் அவள் பக்கத்தில் குந்தியிருந்தார். ரயில் வந்து, குளுவாங் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம்.

புஷ்பவள்ளி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை.

மறுநாள் சிற்றம்பலம் கேட்டார்: "வெளி விளக்குகளை எட்டு மணிக்கு நிப்பாட்டினனீர்தானே?"

"நிப்பாட்டிட்டேங்க" என்றான் காளியப்பன்.

அவர் நம்பினார். நம்பி, மேலே எழுதிவிட்டார். தனி பேட்டரி வேண்டுமென்று இந்த ஆள் முதலிலேயே சொன்னான், விடாப்பிடியாகக் கேட்டு வாங்காதது என் பிழை என்று எழுதினார். இரண்டே வாரத்தில் வண்டிக்குத் தனி பேட்டரி வந்தது. டிரஸருக்குக் கோத்தா திங்கிப் பக்கம் மாற்றல் உத்தரவும் வந்தது. அதைக் கேட்டு லயமே சந்தோஷப்பட்டது.

"காளியப்பன் தலப்பாடா அடிச்சிக்கிட்டான்! அந்த யாழ்ப்பாணத்தான் கேட்டானா?" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லோரும் அவன் பக்கம் நின்றார்கள். அவனுக்கோ அவர்கள் ஒவ்வொருவரையும் அறையவேண்டும் போல இருந்தது. புது பேட்டரியை மாட்டும்போது கையிலிருந்த ஸ்பானரைத் தூக்கி எறிந்தான். தகரச் சுவரில் போய் விழுந்தது. பாவம், மனசு நொந்துபோச்சு என்றார்கள். அதற்கும் அவனுக்கு ஆத்திரம் வந்தது.

புறப்படுகிற அன்று காலையில் சிற்றம்பலம் லயத்துக்கு வந்தார். புஷ்பவள்ளி வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அவரைக் கண்டதும் சுவரைப் பிடித்து எழுந்தாள். குனிந்து கை நிறையச் சேற்றை அள்ளினாள்.

"எங்கப்பா அத்தன தடவ சொன்னாரே! ஒரு பேட்டரி கேட்டாரே! எம்புள்ளையக் கொன்னுட்டு இப்ப சொல்லிட்டுப் போக வந்தியா?"

முதல் பிடி சேறு அவருடைய வெள்ளைக் கோட்டில் விழுந்தது. அவர் நகரவில்லை. தலையைக் குனிந்து நின்றார். அவள் மறுபடியும் குனிந்தபோது காளியப்பன் வந்து அவள் கையைப் பிடித்தான்.

"அவர விடு. வெளக்க நிறுத்தாம வந்தது நான்."

பேச்சியம்மாள் உள்ளேயிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "அய்யோ, நாந்தான்டி நிறுத்த வேணாம்னேன்! ஆடி வெள்ளின்னு நாந்தான் சொன்னேன்!"

அந்த வார்த்தைக்குப் பின்னால் அவன் ஒளிந்துகொண்டிருக்கலாம். ஊரே அவனுக்கு இடம் விட்டிருக்கும்.

"நீ சொன்னதுக்காக விடல" என்றான். "பேட்டரி செத்துரும்னு எனக்குத் தெரியும். சாகட்டும், படம் போட்டவனுக்குப் புத்தி வரட்டும்னு வேணும்னேதான் விட்டேன். ஐயா கேட்டப்ப நிறுத்திட்டேன்னு பொய் சொன்னேன்."

சிற்றம்பலம் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

புஷ்பவள்ளியின் விரலிடுக்கில் சேறு வழிந்துகொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. அடுப்படியில் இருந்து எதையோ கேட்பதுபோலச் சின்னக் குரலில் கேட்டாள்.

"என் நெனப்பு வரலையாப்பா?"

"வந்துச்சும்மா" என்றான் காளியப்பன். "இன்னும் பத்து நாள் இருக்குன்னு நெனச்சேன்."