அழகமுத்து டீச்சரின் இடாப்பு

கணவன் தனபாலன் இறந்து எட்டு மாதமாகியும் சுந்தரிக்கு அழுகை வரவில்லை. காலையில் எழுந்தாள், தேநீர் ஊற்றினாள், ஒரு கோப்பை அதிகமாக ஊற்றிவிட்டால் அதையும் தானே குடித்தாள். கண்டி மாநகர சபையில் முப்பத்திரண்டு வருடம் கிளார்க்காக இருந்துவிட்டு ஓய்வுபெற்றவள். கட்டுகலையில் வீடு. மகன் துபாயில். அவன் வாரம் ஒருமுறை ஃபோனில் கோல் எடுத்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பான். "சாப்பிட்டேன்" என்பாள். பெரும்பாலும் அது உண்மைதான்.

அந்த 2011 ஆனி மாதத்தில் நாவலப்பிட்டியிலிருந்து வீரய்யா என்பவர் பேசினார். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். ஊர் வாசிகசாலையில் பழைய முதியோர் கல்வி வகுப்புகளைப் பற்றிக் கண்காட்சி வைக்கிறார்களாம்.

"ஒங்க அப்பா ராஜலிங்கம் ஐயா அம்பதுகள்ல நடத்தின வகுப்பு இருக்கே, அதுதான் இந்தப் பக்கத்துக்கே மொதல் வகுப்பு. ஏதாவது சாமான் வச்சிருந்தா குடுத்து ஒதவுங்கம்மா."

அப்பா வகுப்பு நடத்திய கதை சுந்தரிக்குத் தெரிந்ததுதான். லாபிர் ஹாஜியாரின் புடவைக் கடையில் அவர் கிளார்க்காக இருந்தார். மாலையில் கடை மேல்மாடியில் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கும் லொறிக்காரர்களுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். கல்யாண வீடுகளில் அதைச் சொல்லித்தான் அவரை அறிமுகப்படுத்துவார்கள். அருகில் அம்மா அழகமுத்து பேசாமல் நிற்பாள். சாகும்வரை அம்மா கைநாட்டுத்தான். கடிதம் வந்தால் யாராவது வாசித்துக்காட்ட வேண்டும். அப்பா போனபிறகு அவருடைய சேமலாப நிதிப் பணம் எடுக்கப் போன இடத்தில், கிளார்க் மைப்பெட்டியை நீட்ட, அம்மா பெருவிரலை அழுத்திவிட்டு முந்தானையில் துடைத்தாள். மாநகர சபைக் கிளார்க்கான சுந்தரி அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அலுமாரியின் அடித்தட்டில் அப்பாவின் சாமான்கள் இருந்தன. பித்தளைக் கைமணி ஒன்று, வகுப்புக்கு வந்தவர்களின் வரவைப் பதிந்த, பழுப்பு அட்டை போட்ட இடாப்பு ஒன்று. இரண்டும் வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்தவை. இடாப்பை ஒருநாளும் யாரும் திறந்ததில்லை. சுந்தரி கதிரையை இழுத்துப் போட்டுத் திறந்தாள்.

1950 மாசியில் தொடங்கியிருந்தது. இடது பக்கம் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே பெருவிரல் அடையாளம். ஏழெட்டுப் பக்கம் தள்ளி, விரல் அடையாளங்களுக்கு நடுவே கோணல் எழுத்தில் ஒரு கையெழுத்து. பிறகு மூன்று. 1953 வந்தபோது பக்கம் முழுக்கக் கையெழுத்து. வேலை செய்த பழக்கத்தில் அவள் கண் பக்கத்தின் அடிக்குப் போனது. அங்கே, மணி கோத்தது போன்ற உருண்டை எழுத்தில், ‘ஆசிரியை: செ. அழகமுத்து’ என்றிருந்தது. அதற்குக் கீழே, ‘செயலாளர்: ராஜலிங்கம்’.

அம்மாவின் அப்பா பெயர் செல்லச்சாமி. சுந்தரி எல்லாப் பக்கத்தையும் புரட்டினாள். நாற்பது இடத்துக்கு மேல் அதே பெயர், அதே கை. திகைப்பாக இருந்திருக்க வேண்டும். அவளுக்கு, தவறாகப் பதிந்த கோப்பு ஒன்றைப் பார்த்ததுபோல் இருந்தது, அவ்வளவுதான். இடாப்பை மூடிவிட்டு அரிசி களையப் போனாள்.

ஆனால் பிழையான பதிவை அப்படியே விட்டுப் பழக்கமில்லை. வீரய்யாவிடம் கேட்டு, லாபிர் ஹாஜியாரின் மகள் றம்லத் அலவத்துகொடையில் இருப்பதைத் தெரிந்துகொண்டாள். புதன்கிழமை மாத்தளை பஸ்ஸில் ஏறினாள்.

றம்லத்துக்கு எழுபத்து மூன்று வயது. முழங்கால் நோவினால் கட்டிலிலேயே இருந்தார். இடாப்பை மடியில் வைத்ததும் எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது அழகமுத்து டீச்சர்ட கை. நீங்க டீச்சர்ட மகளா? இரிங்க மகள், இரிங்க."

"எங்க அம்மாவுக்கு எழுதவே தெரியாதுன்னு தான் நாங்க நெனச்சிருந்தோம்."

றம்லத் மருமகளிடம் கதவைச் சாத்தச் சொன்னார்.

"எனக்கு அப்ப பன்னண்டு வயசு. மேல்மாடிக்குத் தேத்தண்ணி கொண்டுபோறது நான்தான். டீச்சர் எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. வாப்பாதான் கூப்பிட்டு வச்சாங்க. தோட்டத்துச் சனத்துக்குப் பிரஜாவுரிமை இல்லன்னு ஆக்கி, வேணும்னா மனுப் போடுங்கன்னு சென்ன காலம் அது. படிக்கத் தெரியாத சனம் விரலை வச்சிட்டு வந்திச்சி. பேரையாவது எழுதப் பழக்கணும்னு டீச்சர் பிடிவாதமா நின்னாங்க. இருளப்பன்னு ஒருத்தர், லொறிக்குச் சாக்குத் தூக்குறவர். ‘ரு’ எழுத அவருக்கு மூணு மாசம் போச்சு. கடைசில எழுதினாரு. அண்டைக்கி எல்லாருக்கும் வெல்லம் வாங்கிக் குடுத்தாரு."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"அம்பத்தி நாலுல அவரை விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. மனுவில இரிந்தது விரல் அடையாளம். இவரு அங்க போய், நான் கையெழுத்தே வைப்பேன்னு ஆசையா எழுதிட்டாரு. அந்த ஆபீசர், மனுப் போட்டது நீயா, வேற ஆளான்னு கேட்டாராம். இன்னும் சாட்சி கொண்டா, இன்னும் கடுதாசி கொண்டான்னு ஒரு வருஷம் அலைய வச்சாங்க. பொறகு பிரஜாவுரிமை இல்லன்னு கடுதாசி வந்திச்சி."

"கையெழுத்துதான் காரணமா?"

"ஆருக்குத் தெரியும்? கையெழுத்துப் போடாத எத்தனையோ பேருக்கும் இல்லன்னு தானே வந்திச்சி. ஆனா டீச்சர் அதுதான்னு நெனச்சிட்டாங்க. பொண்டாட்டி, நாலு புள்ளயோட இருளப்பன் இந்தியாவுக்குப் போறதுக்கு முந்தின நாள் கடைக்கு வந்தாரு. நான் படியில நிண்டேன். ‘நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க டீச்சர், நீங்க சொல்லிக்குடுத்ததுல தப்பில்ல, நான்தான் ஆசப்பட்டுட்டேன்’னு சென்னாரு. ஏசியிருந்தாலும் டீச்சர் தாங்கியிருப்பாங்க. அண்டைக்கிப் பேனாவை வச்சவங்க, பொறகு தொடவே இல்ல."

மருமகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சுந்தரி அதை எடுத்துக் குடித்தாள்.

"அப்பாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாம? அடுத்த வருஷம் அவங்களுக்குக் கல்யாணம். வகுப்பப் பத்தி ஆரும் கேட்டா நீங்க நடத்தினதா சொல்லிக்கோங்கன்னு டீச்சர்தான் கேட்டுக்கிட்டாங்கன்னு உம்மா சென்னாங்க. அவரு மாட்டேன்னுதான் சென்னாராம். பொறகு பழகிட்டாரு போல."

பஸ்ஸில் திரும்பி வரும்போது சுந்தரி தன்னுள்ளே தேடிப் பார்த்தாள். அம்மாமேல் இரக்கம், தன்மேல் வெட்கம், அப்பாமேல் கோபம் என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். அக்குறணைக் கடைகள் போயின, கட்டுகஸ்தோட்டைப் பாலம் போனது. ஒன்றும் வரவில்லை. மரத்துப்போன காலில் பிறர் தொடுவது தெரிவதுபோல, எல்லாம் தூரத்தில் நடந்தது. அம்மா முந்தானையில் விரலைத் துடைத்தது மட்டும் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது. முப்பது வருடம், எழுதத் தெரிந்துகொண்டே துடைத்திருக்கிறாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மணியையும் இடாப்பையும் எடுத்துக்கொண்டு நாவலப்பிட்டிக்குப் போனாள். வாசிகசாலையில் கண்ணாடிப் பெட்டி தயாராக இருந்தது. பக்கத்தில் அச்சடித்த அட்டை: ‘முதியோர் கல்வியின் முன்னோடி அமரர் ராஜலிங்கம்.’

சுந்தரி இடாப்பைத் திறந்து வீரய்யாவுக்குக் காட்டினாள். கேட்டதை எல்லாம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அழைப்பிதழ் எல்லாம் ஐயா பேர்ல அடிச்சாச்சும்மா. ரெண்டு பேர் பேரையும் போடுவமா? ஐயாவும் அம்மாவும்னு?"

"அவர் செயலாளர். அப்படியே போடுங்க. டீச்சர்ங்கிற எடத்துல அம்மா பேரு மட்டும் வரணும்."

"ஊர்ல எல்லாரும் கேப்பாங்களே..."

"கேக்கட்டும். முடியாதுன்னா நான் மணி, இடாப்பு ரெண்டையும் எடுத்துட்டுப் போறேன்."

குரலில் கோபம் இல்லை. வரி செலுத்தாதவரிடம் கடைசித் திகதி சொல்வதுபோலத்தான் சொன்னாள். வீரய்யா ஒரு வெள்ளை அட்டையை எடுத்து, அவரே கையால் எழுதினார்.

மறுநாள் அறுபது, எழுபது பேர் வந்தார்கள். சுந்தரியைப் பேசச் சொன்னபோது எழுந்து, "இந்த வகுப்பில் படிப்பித்தவர் எங்கள் அம்மா. வீட்டில் எங்களுக்கு அது தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சிலர் கைதட்டினார்கள். சிலர் அப்பாவின் பழைய கூட்டாளிகளின் பிள்ளைகள், அவர்கள் தட்டவில்லை. ஒருவர் வாசலில் நிறுத்தி, "செத்த மனுசனோட பேரை இப்படிக் கெடுக்கலாமா?" என்று கேட்டார். "இடாப்புல இருக்கிறதத்தான் சொன்னேன்" என்றாள்.

இடாப்பை வாசிகசாலைக்கே கொடுத்துவிட்டாள். பெட்டியில் வைக்க டீச்சரின் படம் வேண்டும் என்று இரண்டு வாரம் கழித்து வீரய்யா கேட்டார். அம்மாவின் தனிப் படமாக இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்தது ஒன்றுதான். அதை எடுத்துக்கொண்டு கண்டியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனாள்.

கடைக்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒங்க அம்மாவா? என்ன வேல பாத்தாங்க?"

"டீச்சர்."

சொல்லிவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரும்போலிருந்தது. வரவில்லை.

"பெரிசாக்கினா முகம் கொஞ்சம் மங்கும், பரவால்லயா?"

"பரவால்ல."

வியாழக்கிழமை வரச் சொன்னார். ரசீதுத் துண்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, மழை தொடங்குமுன் பேக்கரியில் பாண் வாங்கலாம் என்று சுந்தரி வீதியைக் கடந்தாள்.