இரணைமடுவில் அறக்குளா

கிளிநொச்சியில் இப்போது எனக்கு யாரும் கிணற்றுத் தண்ணீர் தருவதில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும், எந்த அரசாங்கக் கந்தோருக்குள் நுழைந்தாலும், மூடி திறக்காத போத்தல் ஒன்று என் முன்னால் வந்துவிடும். பக்கத்துக் கதிரையில் இருப்பவர் செம்பைத் தூக்கி அண்ணாந்து மடமடவென்று குடிப்பார். நான் போத்தல் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். ஒரு வீட்டில் வாய்விட்டே கேட்டுப் பார்த்தேன். "வேண்டாம் சேர், உங்களுக்கு ஒத்துவராது" என்றார் வீட்டுக்காரர், என் வயிற்றைப் பற்றி என்னைவிட அதிக அக்கறையோடு. இரணைமடு வாய்க்கால் தண்ணீரைச் சேற்றோடு குடித்து வளர்ந்த வயிறு இது என்று சொன்னால் அவர் நம்பப்போவதில்லை. சர்வதேச நிபுணர் என்று ஆகிவிட்டால் வயிறும் சர்வதேச வயிறாகத்தான் இருக்கவேண்டும் போலிருக்கிறது.

நிபுணர் ஆவது எப்படி என்று ஊரிலிருப்பவர்களும் கேட்கிறார்கள், என்னைப்போலப் பனிக்குள் கிடப்பவர்களும் கேட்கிறார்கள். ஒளிக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். நோர்வேயில் பேர்கன் நகரத்துச் சல்மன் மீன் ஆலையொன்றில் பெட்டி கழுவிக்கொண்டிருந்தேன். பிறகு மாலை வகுப்புகளில் படித்து, வறிய நாடுகளின் அபிவிருத்தித் திட்டங்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு கம்பனியில் உதவியாளனாகச் சேர்ந்தேன். அங்கே எனக்கு ஒரு விசித்திரமான மரியாதை இருந்தது. எத்தியோப்பியாவில் கிணறு வெட்டும் திட்டம் பற்றிக் கூட்டம் நடந்தாலும், கடைசியில் எல்லோரும் ஒருமுறை என் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். ஏழ்மையைப் பற்றி எனக்கு மட்டும் ஏதோ இரகசியம் தெரியும் என்று நினைத்தார்கள். நானும் ஆழமாகத் தலையாட்டுவேன். ஒருநாள் வன்னியில் ஒரு திட்டத்தை மதிப்பிடும் வேலை கம்பனிக்குக் கிடைத்தது. காலையில் உதவியாளனாக வேலைக்குப் போனவன் பின்னேரம் 'பிராந்திய நிபுணர்' ஆக வீட்டுக்குத் திரும்பினேன். கொல்லன் தெருவில் ஊசி விற்க ஆள் தேடியவர்களுக்குக் கொல்லன் வீட்டுப் பிள்ளையே அகப்பட்டால் விடுவார்களா?

திட்டம் இதுதான். இரணைமடுக் குளத்தில் பிடிபடும் மீனை ஒரு பெண்கள் சங்கம் வாங்கி, துப்புரவாக்கி, ஐஸில் வைத்து, கொழும்புக்கு அனுப்பி முன்னேறவேண்டும். இதற்குப் 'பெறுமதிச் சங்கிலி' என்று பெயர். குளத்துக்குக் கீழே வயற்கரையில் நிலையம் ஒன்றையும் கட்டிக் கொடுத்தார்கள். எங்கோ கடற்கரைக்கென்று வரைந்த வரைபடத்தைத் தூக்கி வந்து வயலுக்குள் வைத்துவிட்டார்கள் என்று கேள்வி. அதனால் அத்திவாரம் ஒரு ஆளையே மூடும் உயரம். குளிரறைக்கு இயந்திரம் வந்தது, அதை ஓட்டப் போதுமான மின்சாரம் வரவில்லை. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று தாராளமாக ஊற்றியிருந்தார்கள். யாரும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுதான் பாக்கி. இந்த மீனை யார் தின்பது?

அந்தக் கேள்விக்கு என் அப்பாவிடம் பதில் இருந்தது. மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர் அவர். வயலில் கூலி வேலை, வேலையில்லாத மாதங்களில் குளத்தில் வலை. பிடித்த திலாப்பியாவைச் சைக்கிளில் கட்டிய பெட்டியில் சந்தைக்குக் கொண்டுபோவார். முல்லைத்தீவிலிருந்து கடல் மீன் லொறி வந்துவிட்டால் அவருடைய பெட்டியை நாயும் மோந்து பார்க்காது. குளத்து மீன் சேறு மணக்குமாம். வாங்காமல் போகிறவர்கள்மேல் அப்பாவுக்குக் கோபம் வந்து நான் கண்டதில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அதுதான் சட்டம். நாங்கள் தின்பது குளத்து மீன். வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்துவிட்டாரோ, காலையில் தானே பிடித்த மீனை வாளியோடு குசினி மூலைக்குள் தள்ளி மறைத்துவிட்டு, கடல் மீன் வாங்கச் சைக்கிளை எடுப்பார். வந்த மனிதருக்குக் குளத்து மீன் கறி வைப்பது அவரை வாசலில் நிற்கவைத்துப் பேசுவதற்குச் சமம். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, எங்கள் பக்கத்தில் யாரும் மீறியதும் இல்லை.

நிலையத்தை நடத்தும் சங்கத்தின் தலைவி தவமணி. என் கூடப்பிறந்த தங்கை. அவள்தான் தலைவி என்று எனக்கே ஊருக்கு வந்த பிறகுதான் தெரியும். கம்பனியிலிருந்து என்னோடு வந்திருந்த குழுத் தலைவியிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். பார்வையிடப் போவதற்கு முதல்நாள் பின்னேரம் தவமணியின் வீட்டுக்குப் போனபோது, தேத்தண்ணீரைக் கையில் தந்த கையோடு அவள் என் வாயை அடைத்துவிட்டாள்.

"அண்ணா, நாளைக்கு என்னைத் தெரியாத மாதிரி நில்லுங்கோ."

"ஏன்?"

"தங்கச்சியின்ர சங்கம் எண்டால் நீங்கள் எழுதுறதை ஆர் நம்புவினம்?"

"எழுதுறதுக்கு அங்க என்ன கிடக்கு? வரேக்க எட்டிப் பாத்தன், குளிரறைக்குள்ள நெல்லு மூட்டை அடுக்கி வைச்சிருக்கிறியள்."

"நெல்லை இண்டைக்கே எடுத்திடுவம்" என்றாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் இருந்தாள். "போன மாரிக்குக் குளத்தின்ர வான்கதவு திறந்த நேரம் வீட்டுக்குள்ள கழுத்தளவு தண்ணி. பள்ளிக்கூடத்துக்குப் போற றோட்டே இல்லை. இந்தக் கட்டடத்துக்குள்ளதான் அவ்வளவு சனமும் ஏறினது. திட்டம் சரிவரேல்லை எண்டு நீங்கள் எழுதினால் கட்டடத்தைப் பொறுப்பெடுத்துப் பூட்டி, திறப்பையும் கொண்டு போயிடுவினம். மழைக்குள்ள ஆரைத் தேடிப்போய்த் திறப்பைக் கேக்கிறது? திறப்பு எங்கட கையில இருக்கவேணும் அண்ணா. மீன் வித்தாலென்ன, விக்காட்டிலென்ன."

கழுத்தளவு என்று சொன்னபோது தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். மதிப்பீட்டுக்காகப் பேர்கனிலிருந்து கொண்டுவந்திருந்த கேள்விகள் எல்லாம் மீனின் எடை, மீனின் விலை, மீனின் தரம் பற்றியவை. மனிதர்களின் கழுத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

எங்கள் குழுத் தலைவி இங்ரிட் நல்ல மனுஷி. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொல்ல இடம் வராது. பல நாடுகளில் மீன்பிடித் திட்டங்களை மதிப்பிட்டவர். மீன் சாப்பிடமாட்டார், சைவம். மறுநாள் காலை நாங்கள் வாகனத்தில் போய் இறங்கியபோது பெண்கள் இரு பக்கமும் வரிசையாக நின்றார்கள். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் தயார். இந்தப் பெண்கள் இத்தனை வருடங்களில் வரவேற்ற வெள்ளைக்காரர்களைச் சேர்த்தால் ஒரு கிராமத்தையே குடியேற்றலாம். தவமணி என் கழுத்தில் மாலையைப் போட்டு, "வணக்கம் சேர், வாங்கோ" என்றாள். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "நன்றி" என்றேன். எனக்கு ஒரு தண்ணீர்ப் போத்தலும் தந்தாள்.

மொழிபெயர்ப்பும் என் வேலைதான். "உங்களுடைய தேவைகள் என்னவென்று மனம் திறந்து சொல்லுங்கள்" என்று இங்ரிட் கேட்டதைத் தமிழில் சொன்னேன். சங்கத்தின் மூத்த உறுப்பினரான தேவி அக்கா எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "நீங்கள் இந்தமுறை என்ன கொண்டு வந்திருக்கிறியள்?" என்று திருப்பிக் கேட்டார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. ஆடு கொண்டு வந்தவர்களிடம் ஆடு தேவை என்றும், தையல் மெசின் கொண்டு வந்தவர்களிடம் தையல் மெசின் தேவை என்றும் சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது அல்லவா? நான் இங்ரிட்டிடம், "கிடைக்கக்கூடிய வளங்கள் பற்றி ஒரு கலந்துரையாடலை விரும்புகிறார்கள்" என்றேன். அவர் மகிழ்ந்து போனார்.

பிறகு குளிரறைக்குப் போனோம். நெல் மூட்டை போன தடமே இல்லை, தரையைக் கழுவி விட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டிகள் சுவரோரமாக வரிசையில் இருந்தன. தவமணி முதல் பெட்டியின் மூடியைத் திறந்தாள். உள்ளே பாரை மீன். அடுத்ததில் விளைமீன். மூன்றாவது பெட்டிக்குள் அடங்காமல் வாலை வெளியே நீட்டிக்கொண்டு ஓர் அறக்குளா கிடந்தது. ஆழக்கடலில் திரியும் மீன். அது இரணைமடுவுக்கு வருவதென்றால் முல்லைத்தீவில் பஸ் ஏறித்தான் வரவேண்டும்.

"இவ்வளவும் குளத்தில் பிடித்ததா?" என்று இங்ரிட் கேட்டார். நான் மொழிபெயர்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு தவமணியிடம், "என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறாய்?" என்றேன்.

அவள் உற்பத்தி விபரம் சொல்வதுபோல, மரியாதையான புன்னகையோடு சொன்னாள். "பெட்டி நிறைய மீன் வைக்கச் சொல்லிப்போட்டு நான் நெல்லு ஏத்தப் போயிட்டன் சேர். வெள்ளைக்காரிக்குக் குளத்து மீனையே காட்டுறது? மானம் போகுமெண்டு தேவி அக்கா விடிய முல்லைத்தீவுக்கு ஆள் அனுப்பிப்போட்டா. இனி நீங்கள்தான் ஏதாவது சொல்லவேணும்."

தேவி அக்கா வாசலில் நின்று பெருமையோடு அறக்குளாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளத்து மீன் நிலையத்தில் குளத்து மீனைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியாது. இங்ரிட்டுக்கு விளங்கிவிட்டால் திறப்பு போய்விடும்.

"ஓம், குளத்து மீன்தானாம்" என்றேன். "இனப் பல்வகைமையில் கவனம் செலுத்துகிறார்களாம்."

இங்ரிட் அறக்குளாவுக்குப் பக்கத்தில் என்னையும் தலைவியையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார். மத்தியானம் எங்களுக்கு அதே அறக்குளாக் கறியும், அவருக்குச் சோயாமீற் கறியும் வைத்தார்கள். என் தங்கை எனக்குப் பரிமாறவில்லை. நிபுணருக்குத் தேவி அக்காதான் பரிமாறவேண்டும் என்று முடிவாகியிருந்தது.

கொழும்புக்கு ரயில் பிடிக்கப் போகும் வழியில் மனம் கேட்காமல் இங்ரிட்டிடம் ஒரு பாதி உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். வெள்ளம் வந்தால் அந்த ஊருக்கு உயரமான கட்டடம் அது ஒன்றுதான், மீனைவிட அது பெரிய பயன், அதை எழுதலாமே என்றேன். அவர் அக்கறையோடுதான் கேட்டார். "மிகவும் சுவாரசியமான விடயம்" என்றார். "ஆனால் நம்முடைய பணி மீன். வெள்ளத்துக்கு வேறு நிதியாளர்கள் இருக்கிறார்கள்." வெள்ளத்துக்குத் தன் துறை எது என்று தெரிந்திருந்தால் அது முறைப்படி அவர்களிடமே போயிருக்கும். நான் பேர்கனுக்கு வந்து, மீனைப் பற்றியே எழுதினேன். 'நிலையத்தைச் சமூகம் முழுமையாகப் பயன்படுத்துகிறது' என்று ஒரு வசனம் சேர்த்தேன். அறிக்கையில் உண்மையான வசனம் அது ஒன்றுதான். திட்டம் நீடிக்கப்பட்டது. திறப்பு சங்கத்திடமே இருக்கலாம் என்று கடிதம் போயிற்று. எங்கள் வெற்றியைப் பார்த்து வவுனியாக் குளங்களுக்கும் இதேபோன்ற நிலையங்கள் கட்டும் யோசனை இருப்பதாகச் சொன்னார்கள். இனி அங்கேயும் அறக்குளா பிடிபடும்.

கார்த்திகையில் நிதி தந்தவர்களுக்கு முன்னால் எங்கள் அறிக்கையைப் படம் காட்டி விளக்கும் கூட்டம் நடந்தது. வெளியே மழை. பேர்கனில் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இங்ரிட் பேசிக்கொண்டிருந்தார். சுவர்த் திரையில் குளிரறை. கழுவிய தரை, வரிசையாக ஐஸ் பெட்டிகள், நடுவில் அறக்குளா, பக்கத்தில் மாலையோடு நான். அப்போது மடியில் போன் அதிர்ந்தது. தவமணி வீடியோவில் கூப்பிட்டிருந்தாள். சத்தத்தை அமர்த்திவிட்டு மேசைக்குக் கீழே பார்த்தேன். அதே அறை. ஐஸ் பெட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி அவற்றின்மேல் பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். சுவருக்குச் சுவர் கயிறு கட்டி ஈரச் சீலைகள் தொங்கின. தேவி அக்கா ஒரு மூலையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். நனைந்த தலையோடு தவமணி திரைக்குள் வந்தாள். வாய் அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த திறப்பை எடுத்து ஆட்டிக் காட்டிச் சிரித்தாள்.

வான்கதவு திறந்துவிட்டது என்று விளங்கியது. அவள் உள்ளே இருக்கிறாள், எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சீலைகளுக்குக் கீழே ஓர் ஓரத்தில் நானும் ஈரத்தோடு குந்தியிருக்க மாட்டேனா என்று இருந்தது.

பக்கத்துக் கதிரைக்காரர் என் மடியை எட்டிப் பார்த்தார். "யார் அது?" என்று நோர்வே மொழியில் மெதுவாகக் கேட்டார்.

சுவரில் தவமணி சங்கத் தலைவியாக என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். 'தங்கை' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"பயனாளி" என்றேன்.

அவர் மரியாதையோடு தலையாட்டினார். இங்ரிட் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தவமணி இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, மீனைப் பற்றிப் பேச எழுந்தேன்.