மெயில் வரலைன்னு சொன்னவள்

நான்கைந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு கோடையில் நடந்தது இது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். அப்போதும் அங்கேதான் இருந்தேன். கம்ப்யூட்டர் பிரிவு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் மில்லுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு யூனிட் உண்டு. பஸ் ஏறினால் கொஞ்ச நேரப் பயணம்தான். ஆனாலும் இரண்டு ஊருக்கும் தனித்தனி மெயில் சர்வர். யாருடைய மெயில் பெட்டி எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லும் முகவரிப் பட்டியல் இரண்டு சர்வரிலும் இருக்கும். ஓர் ஊரில் அதை மாற்றினால், ராத்திரியில் தானாகவே மற்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பகலில் லைன் இழுத்துக்கொண்டு கிடக்கும் என்பதால் ராத்திரிக்கு வைத்திருந்தோம்.

எங்கள் அலுவலகத்தில் சரக்கு அனுப்பும் வேலை பார்த்த ஒரு பெண், மம்சாபுரத்துக்காரி, வீட்டுக்குப் பக்கம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட்டுக்கு மாறிப் போனாள். போன கொஞ்ச நாளிலேயே வம்பு வந்தது. வெளிநாட்டுப் பார்ட்டி ஒருவர் நூல் நம்பரை, அதாவது நூலின் பருமனை, மாற்றச் சொல்லியிருக்கிறார். தலைமை அலுவலகத்திலிருந்து அதை அவளுக்கு மெயிலில் அனுப்பினார்கள். ஒரு போன் போட்டுச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவள் பழைய நம்பரிலேயே கண்டெய்னரை ஏற்றிவிட்டாள். சரக்கு வேண்டாம் என்று பார்ட்டி மறுத்துவிட்டார்.

"எனக்கு மெயிலே வரல சார்" என்று அவள் சொன்னாள். அனுப்பியவரின் கம்ப்யூட்டரிலோ போய்ச் சேர்ந்ததாகக் காட்டியது. யூனிட் மேலாளருக்கு அது போதாதா? "பாக்காம விட்டதும் இல்லாம பொய் வேற சொல்லுதியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தி, அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

மறுநாள் எனக்கு அவளிடமிருந்து போன். "அக்கா, சத்தியமா வரல. நீங்களாவது பாத்துச் சொல்லுங்க. மில்லுக்கு மில்லு பேசிக்கிடுவாக. இனி எவன் எனக்கு வேலை தருவான்?"

பார்த்தேன். ராஜபாளையம் சர்வரில் அவளுடைய பழைய பெட்டி அப்படியே திறந்து கிடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஊர் மாறிய தகவல் வந்தால்தான் அது மூடும், அந்தத் தகவல் வரவே இல்லை. இங்கிருந்து அவளுக்கு அனுப்பிய மெயிலெல்லாம் அதற்குள் பிரிக்காமல் குவிந்திருந்தது. உடனே எங்கள் இயக்குநரிடம் ஓடினேன். அவர் நிதானமாக, "எதனாலன்னு கண்டுபிடிச்சிட்டு வாங்க, பொறவு பேசுவோம்" என்றார்.

அதுதான் பிடிபடவில்லை. பகலில் சோதித்தால் இரண்டு சர்வரும் சமர்த்தாகப் பேசிக்கொண்டன. ராத்திரியானால் அந்தப் பக்கத்திலிருந்து பதிலே இல்லை என்று சர்வரின் பதிவு சொன்னது. லைன் கோளாறு என்று டெலிபோன் கம்பெனியோடு சண்டை போட்டேன். அவர்கள் லைன் நன்றாக இருக்கிறது என்று சத்தியம் செய்யாத குறை. கடைசியில் நானே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், அந்த சர்வர் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் ஆபீஸ் முடிந்தது. அட்டெண்டர் அண்ணாச்சி சாமி படத்துக்குச் சூடம் காட்டி, அது முழுக்க அணைந்ததா என்று குனிந்து பார்த்துவிட்டு, வாசல் பக்கம் போய் மெயினை இறக்கினார். விளக்கும் ஃபேனும் நின்றன. யூபிஎஸ் கீகீ என்று கத்தத் தொடங்கியது. நான் பதறி எழுந்தேன்.

"பயப்படாதீக மேடம், செத்த நேரம் கத்திட்டு அதுவா அடங்கிரும்" என்றார்.

"தினமும் இப்படித்தானா அண்ணாச்சி?"

"பின்னே? பஞ்சு கெடக்குற எடம். அன்னைக்கு குடோன்ல தீப்பிடிச்சதுல இருந்து, மெயினை எறக்காம போகக்கூடாதுன்னு மேனேஜர் உத்தரவு."

பஞ்சு மில்லில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தப் பயம் புரியும். அண்ணாச்சியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காலையில் மெயினைத் தூக்கியதும் சர்வரும் தானாக எழுந்துகொள்ளும், யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் முகவரிப் பட்டியல் பேசிக்கொள்ள வேண்டிய நேரத்தில் அந்தப் பக்கம் தினமும் செத்துக் கிடந்தது. அந்த உத்தரவுக்குப் பிறகு ஊர் மாறியவள் அவள் ஒருத்திதான்.

எல்லாவற்றையும் இயக்குநரிடம் சொன்னேன். மேலாளரையும் கூப்பிட்டார்கள். "கம்ப்யூட்டர் ராத்திரில வேலை பாக்கும்னு எனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு அவர் காபியைக் குடித்தார். சர்வருக்குத் தனி கரண்ட் லைன் இழுக்க அன்றைக்கே ஏற்பாடு ஆனது. அவளைத் திரும்ப வரச் சொல்லலாம் என்றார்கள்.

சந்தோஷமாக மம்சாபுரத்துக்கு நானே போனேன். ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தாள். சொல்லச் சொல்லக் கேட்டாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வரலன்னு நான் வாயால சொன்னேன், ஒருத்தரும் நம்பல. இப்ப மெஷின் சொல்லுதுன்னதும் நம்புதீக, என்னக்கா?" என்றாள். பிறகு, "நான் வாரேன். ஆனா அந்த ஆளு எல்லார் முன்னாலயும்தான என்னைப் பொய்க்காரின்னாரு? எம்மேல தப்பில்லன்னு அதே மாதிரி எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

திரும்பி வந்து இயக்குநரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அதெல்லாம் எதுக்கும்மா? வேலைதான் தாரோம்ல?" என்றார். அவள் வரவில்லை. அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டார்கள். மேலாளர் இன்றைக்கும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார், என்னைப் பார்த்தால் ஊர்க்கதை பேசுகிறார்.

கோளாறைக் கண்டுபிடித்ததற்காக அந்த மாதம் என்னைக் கூட்டத்தில் கைதட்டிப் பாராட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவளைப் பொய்க்காரி ஆக்க எங்களுக்கு ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல இத்தனை வருடமாகியும் அந்த அலுவலகத்தில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.