முந்நூறு வீட்டுக்கு ஒரே பாஸ்வேர்டு

கேமராக்காரர் என்றதும் கல்யாண வீட்டில் படம் எடுப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். வாசலிலும் மாடிப்படியிலும் கடைக் கல்லாவுக்கு மேலேயும் கண்காணிப்புக் கேமரா மாட்டிக் கொடுப்பவர் அவர். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் ஒரு தெருவுக்குள் நுழைந்தால், அங்கே யார் வீட்டிலோ எதுவோ களவு போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு வீட்டில் மாட்டினால் போதும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் போய்விடும், மறுவாரம் அவரும் கூப்பிடுவார்.

வேலையில் அவரைக் குறை சொல்ல நாக்கு வராது. சுவரில் ஒயர் ஓடுவதே கண்ணுக்குத் தெரியாது. துளை போட்ட தூசியைத் தானே கூட்டி அள்ளிய பிறகுதான் ஏணியை மடிப்பார். அவருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று: முடித்துவிட்டு வந்த வீட்டுக்கு மறுபடியும் போவது. மறுபடியும் போக வைப்பது எப்போதும் பாஸ்வேர்டுதான். படித்தவர், படிக்காதவர், கார் வைத்திருப்பவர், காலால் நடப்பவர், எல்லோரும் அதை மறந்துவிட்டு அவர் உயிரை வாங்குவார்கள்.

முன்பெல்லாம் அந்தத் தொல்லையை அவர் மனைவி பார்த்துக்கொண்டாள். கடைப் போன் அவள் கையில்தான் இருக்கும். நீளமான நோட்டு ஒன்று போட்டு, வீட்டுக்கு வீடு வேறு வேறு பாஸ்வேர்டு எழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். போதாததற்கு, கேமரா மாட்டிய அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போன் போட்டு, "இப்பவே நீங்களா வேற ஒண்ணு மாத்திக்குங்க. எங்ககிட்டகூடச் சொல்லாதீங்க," என்பாள். மாற்றியவர்களில் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். கேமராக்காரர் மறுபடியும் ஏணியைத் தூக்குவார். வீட்டுக்கு வந்து அவளிடம் எரிந்து விழுவார். அவள் அசர மாட்டாள். அடுத்தவன் வீட்டுக்குள் பார்க்கிற வழியை நாம் வைத்துக்கொள்ளக்கூடாது என்பது அவள் கட்சி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் குளியலறையில் விழுந்தாள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. இடது கையில் பேனாவைக் கொடுத்துப் பார்த்தார்கள், எழுத்தும் வரவில்லை. ஆனால் சொல்வது அத்தனையும் அவளுக்குப் புரியும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். "ஆ" என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் அவளிடம் மிஞ்சியது. பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான்.

அதற்குப் பிறகு நோட்டைக் கட்டிக்கொண்டு அழ ஆளில்லை. கேமராக்காரர் சுலபமான வழி ஒன்று கண்டுபிடித்தார். தன் கடையின் பெயர், கூடவே ஒன்று இரண்டு மூன்று நான்கு. புதிதாக மாட்டிய கேமராவுக்கெல்லாம் அதையே போட்டார். பழைய வீடுகளுக்குப் பழுது பார்க்கப் போனபோது அங்கேயும் அதையே மாற்றினார். பாஸ்வேர்டை மாற்றச் சொல்லித் திரையில் எச்சரிக்கை வரும். "பிறகு" என்பதை அழுத்திவிட்டுக் கீழே இறங்குவார். இனி யார் மறந்தாலும் ஏணியில் நின்றபடியே சொல்லிவிடலாம். ஒரே வருடத்தில் முந்நூறு வீட்டுக்கு மேல் அந்த ஒரே வார்த்தைக்குள் வந்துவிட்டன. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார். மெச்ச வேறு யாராவது இருந்தால்தானே!

கேமராக்களை அவர் பெட்டி பெட்டியாக வாங்குவார், பெட்டிக்கு இருபது. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு நீள எண் ஒட்டியிருக்கும். ஒரு பெட்டிக்குள் எல்லாம் அடுத்தடுத்த எண்கள். அந்த எண்ணும் பாஸ்வேர்டும் தெரிந்தால், எங்கே இருந்தாலும் போனில் அந்தக் கேமரா திறந்துவிடும். அப்படி ஒரு பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் தன் மனைவியின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார்.

அதில் தப்பு சொல்ல முடியாது. காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் வருவார். நடுவில் மனைவியின் அக்கா வந்து சாப்பாடு ஊட்டி, துணி மாற்றிவிட்டு இரண்டு மணிக்குப் போய்விடுவாள். மீதி நேரமெல்லாம் அவள் தனியாகக் கிடக்க வேண்டும். கேமராவில் பேசும் வசதியும் இருந்தது. வேலைக்கு நடுவில் போனைத் திறந்து, "சாப்பிட்டியா? வந்துடறேன்," என்பார். சுவரிலிருந்து அவர் குரல் வரும். அவள் பாதி முகத்தால் சிரிப்பாள்.

ஆறு மாதம் கழித்து அந்தச் சிரிப்பு நின்றுபோனது. அவர் குரல் கேட்டாலே உடம்பு தூக்கிப்போடும். முகத்தை மறுபக்கச் சுவருக்குத் திருப்பிக்கொள்வாள். மாலையில் வீட்டுக்கு வந்தால் இடது கையால் கேமராவைக் காட்டிக் காட்டி "ஆ, ஆ" என்று கத்துவாள். கேமராவை வேண்டாம் என்கிறாள் என்பது வரைக்கும் அவருக்குப் புரிந்தது. ஏன் என்று யோசிக்கவில்லை. நாள் முழுக்க ஊரார் சுவரில் தொங்கிவிட்டு வருகிற மனுஷனுக்கு இதுவும் ஒரு பிடிவாதமாகத்தான் பட்டது. இந்த மாதிரி நோயாளிகளுக்கு மனம் பேதலிப்பது சகஜம் என்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது பலிக்காமல் போகவே இரண்டாக்கினார்.

முகம் தெரியவில்லையே என்று கேமராவைக் கழற்றி, அவள் திரும்பிக்கொள்ளும் பக்கத்துச் சுவரிலேயே, இன்னும் கிட்டத்தில், இன்னும் தாழ்வாக மாட்டினார். அவள் இடது கையை நீட்டி ஒயரைப் பிடித்து இழுத்தாள். மின்சாரம் தாக்கிவிட்டால் என்ன செய்வது? பழைய பருத்தித் துணியைக் கிழித்து, வலிக்காத மாதிரி, அந்தக் கையைக் கட்டில் சட்டத்தோடு கட்டினார். கட்டும்போது அவருக்கு அழுகை வந்தது. பாவம், நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்கள் கட்டினாலும் கட்டு கட்டுதானே.

போன வாரம் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு வேலை வந்தது. கடைக்காரர் பழைய வாடிக்கையாளர், நல்ல சிரித்த முகம், யாரையும் வாங்க போங்க என்பவர். பின்வாசலுக்கு இரண்டாவதாக ஒரு கேமரா வேண்டும் என்றார். மத்தியானம் மூன்று மணி, கடையில் ஈ காக்கை இல்லை. கேமராக்காரர் வேலையை முடித்து இறங்கியதும், கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒரு வேடிக்கை காட்டுகிறேன் என்று போனை நீட்டினார்.

போன வருடம் தன் தம்பி வீட்டில் கேமரா மாட்டியபோது அங்கேயும் அதே பாஸ்வேர்டு என்று தெரிந்ததாம். சும்மா தன் கேமராவின் எண்ணில் ஒன்றைக் கூட்டிப் போட்டுப் பார்த்தாராம். யார் வீட்டுச் சமையலறையோ திறந்துகொண்டதாம். இன்னொன்று கூட்டினால் இன்னொரு வீடு. இப்போது பதினான்கு வீடு வைத்திருந்தார், ஒவ்வொன்றுக்கும் செல்லப் பெயர் வேறு. குண்டம்மா. சண்டைக்கோழிகள். தொட்டில் வீடு. கேமராக்காரர் போன் பக்கம் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு சுவரையும் அவருக்குத் தெரியும், துளை போட்டவரே அவர்தான்.

"இதான் நம்ம ஆளு," என்று கடைக்காரர் கடைசியாக ஒன்றைத் திறந்தார். அதற்கு ஊமைச்சி என்று பெயர் வைத்திருந்தார்.

கட்டிலில் அவர் மனைவி கிடந்தாள்.

"இவகிட்ட தினமும் பேசுவேங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டா, அதுதான் இதுல விசேஷம். உன் புருஷன் வேற ஒருத்தியைப் பார்த்துட்டான், உன்னை எங்கயாவது கொண்டுபோய்த் தள்ளப்போறான்னு சொன்னா போதும், பொலபொலன்னு ஊத்தும். இன்னிக்குப் பாருங்க," என்று போனை வாயருகே கொண்டுபோனார். சொன்னார். கிட்டத்தில் மாட்டிய கேமரா ஆயிற்றே, அவள் கண்ணில் நீர் திரள்வதுகூடத் துல்லியமாகத் தெரிந்தது. கடைக்காரர் கேமராக்காரரின் சரக்கைப் பாராட்டினார். பிறகு உண்மையாகவே முகம் வாடி, "எந்தப் பாவியோ கையைக் கட்டிப் போட்டிருக்கான் பாருங்க. மனுஷனாங்க அவன்?" என்றார்.

கேமராக்காரர் கையில் சுத்தியல் இருந்தது. அந்த மண்டையில் ஒரே போடு போட்டிருந்தால் இந்தக் கதையை எழுதுகிற எனக்கும் கொஞ்சம் நெஞ்சு ஆறியிருக்கும். அவர் போடவில்லை. அது என் பெண்டாட்டி என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் சண்டை வரும், கூட்டம் கூடும், எப்படித் திறந்தது என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் முந்நூறு வீடும் நாளைக் காலையில் அவர் கடை வாசலில் நிற்கும். அவர் முகம் போன போக்கைப் பார்த்த கடைக்காரரே தோளில் தட்டித் தேற்றினார்.

"நான் வெளிய சொல்ல மாட்டேங்க. சொன்னா உங்க பேருதானே கெடும்."

தெருமுனையில் நின்று, போனிலேயே தன் வீட்டுக் கேமராவின் பாஸ்வேர்டை மாற்றினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிடத்தைத்தான் ஒரு வருடமாக "பிறகு" என்று தள்ளியிருந்தார். மற்ற வீடுகளை நினைத்தார். நாளையிலிருந்து ஒவ்வொன்றாக, ஏதாவது சாக்குச் சொல்லி, யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று சமாதானம் செய்துகொண்டார். அந்த "நாளை" இன்னும் வரவில்லை. தொட்டில் வீடு இன்னும் திறந்துதான் கிடக்கிறது.

வீட்டுக்கு ஓடிப்போய்க் கட்டை அவிழ்த்தார். கேமராவைச் சுவரோடு பிய்த்தார். கட்டிலருகே மண்டியிட்டு, எல்லாம் பொய், யாரோ ஒரு அயோக்கியன், என் புத்திகெட்ட வேலையால் வந்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லி அழுதார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அவர் பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் அக்கா வந்து, சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்து, கேமரா எங்கே மாப்பிள்ளை என்று கேட்டாள். கெட்டுப்போயிற்று, கம்பெனி சரக்கே மோசம் என்றார் அவர்.

கட்டிலில் அவள் உடம்பு அசைந்தது. அவிழ்த்துவிட்ட இடது கை மெல்ல எழுந்து, நேராக அவரைக் காட்டியது. "ஆ," என்றாள். கழுத்து நரம்பு புடைக்க மறுபடியும், "ஆ. ஆ."

அக்கா கட்டிலுக்கும் அவருக்குமாக மாறி மாறிப் பார்த்தாள். "என்ன சொல்றா?"

கேமராக்காரர் மனைவியின் கண்ணைப் பார்த்தார். அவள் என்ன சொல்கிறாள் என்பது இந்த ஒரு முறை அவருக்கு நன்றாகவே புரிந்தது.

"தண்ணி கேக்குறா," என்றார்.

அக்கா எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து அவள் வாயில் ஊற்றினாள்.