இரண்டு விரலுக்குத் தாங்கும் கம்பி

குளியலறைக் கைப்பிடிக் கம்பிகள் நான்கையும் அவர் பழைய துண்டில் சுற்றி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் குறுக்கே போட்டுக்கொண்டு கிளம்புகிறார். ஒன்றோடொன்று உரசிக் கீறல் விழக் கூடாது. பளபளப்பு போய்விட்டால் கட்டடத்தைச் சோதிக்க வரும் ஆய்வாளர் ஒரு கேள்வி கேட்டாலும் கேட்பார். ஏழு வருடமாக இதே நான்கு கம்பிகள்தான். எத்தனை குளியலறைகளைப் பார்த்தவை என்று அவருக்கே நினைவில்லை.

விதி இதுதான்: அடுக்குமாடி கட்டினால் தரைத்தளத்தில் இரண்டு வீடாவது நடக்க முடியாதவர்கள் புழங்கும்படி இருக்க வேண்டும். குளியலறைக் கதவில் சக்கர நாற்காலி நுழைய வேண்டும், உள்ளே அது திரும்ப இடம் வேண்டும், கழிப்பறை இருக்கையின் இரண்டு பக்கமும் ஓர் ஆளின் எடையைத் தாங்கும் கைப்பிடிக் கம்பி வேண்டும். கதவையும் இடத்தையும் அப்புறம் சுருக்க முடியாது என்பதால் கட்டடக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடுகிறார். கம்பியை மட்டும் கழற்றலாம். ஆய்வுக்கு முதல் நாள் இவர் போய் மாட்டுவார். சான்றிதழ் வந்ததும் கழற்றுவார், துளைகளை வெள்ளை சிமெண்டால் அடைத்துத் துடைப்பார், அடுத்த கட்டடத்துக்குப் போவார். வீடு பார்க்க வருகிறவர்கள் 'ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு' என்று முகம் சுளிக்கிறார்களாம். இவர்களுக்கெல்லாம் வயசே ஆகாது போலிருக்கிறது.

ஐம்பத்து நான்கு வயது. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்கும் முட்டி. எந்த வீட்டுக்குப் போனாலும் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. சொந்தக்காரர் வீட்டில் நலம் விசாரித்துக்கொண்டே தட்டுவார். மனைவி கண்ணால் அதட்டுவாள். "சத்தமே சொல்லிடும், உள்ள சரக்கு இருக்கா, வெறும் காத்தான்னு" என்பார். அவர் வேலை செய்யும் கட்டடங்களில் பெரும்பாலும் காற்றுதான். உள்ளே பொந்து விட்ட கல், மேலே விலையுயர்ந்த டைல்ஸ். அதில் நீளத் திருகு போட்டும் பயனில்லை, கடிக்க இடமில்லை. சின்னத் திருகாகப் போட்டுவிடுவார். ஆய்வாளர் இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பார், தாளில் சரி போடுவார். அந்த இரண்டு விரலுக்குக் கம்பி தாங்கும். ஒருநாள் உன்னை வேறு கம்பி எண்ண வைக்கப் போகிறார்கள் என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள். இவர் சிரிப்பதில்லை.

ஒரே ஒரு தடவை கழற்றாமல் விட்டுவந்தார். அந்த வீட்டுக்குக் குடிவந்தவள் தையல்காரப் பெண்மணி, தனி ஆள், இடுப்புவலி. கெஞ்சிக் கேட்டாள். இரக்கப்பட்டு ஒரு கம்பியை விட்டுவிட்டு, அது தொலைந்துவிட்டதென்று சொல்லி, திட்டு வாங்கிக்கொண்டு தன் கைக்காசில் வேறு வாங்கினார். பதினோராம் நாள் கம்பி டைல்ஸோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவள்தான், இன்னும் எழவில்லை. பார்க்கப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தான் எனக்காக யோசிச்சீங்க. என் நேரம், நான்தான் சரியாப் புடிக்கல" என்றாள். அவர் அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று பேசியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு இரக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை, கழற்றிவிடுகிறார்.

போன புதன்கிழமை ஒரு வீட்டில் கழற்றப் போனபோது ஆட்கள் குடிவந்திருந்தார்கள். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன பஸ் டிரைவர், ஓய்வுபெற்றவர். கூட அவர் மனைவி, அவருடைய தோளுக்கும் எட்டாத ஒல்லியான உருவம். ஆய்வு நாளன்று வீடு பார்க்க வந்தவர்கள். இந்தக் கம்பிகளைப் பார்த்துத்தான் இருந்த வீட்டை விற்று இதை வாங்கியிருக்கிறார்கள். டிரைவர் தன் இடது கையைக் காட்டிச் சொன்னார்: "முப்பது வருஷம் ஸ்டியரிங் புடிச்ச கை தம்பி. புடிக்க ஒண்ணு இருந்தா போதும், யாரையும் கூப்பிடாம நானே போயிட்டு வந்துருவேன்."

மேலிடத்தில் எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று இவர் வழக்கமான பாட்டைப் பாடினார். அந்த அம்மாள் விடவில்லை. உங்களுக்கு அப்பா அம்மா இல்லையா என்று கேட்டார். திருகைச் சுழற்றிக்கொண்டே இவர் முதல் தடவையாக உண்மையைச் சொன்னார்.

"இது தாங்காதும்மா. சார் சாஞ்சா கையோட வந்துரும்."

டிரைவர் கேட்டார்: "அப்ப எதுக்குப்பா வச்சீங்க?"

இவர் கழற்றிய கம்பியைத் தரையில் வைத்தார். சுவரை உடைத்து, பொந்தில் கான்கிரீட் நிரப்பி மாட்டினால் தாங்கும் என்றார். கட்டடக்காரர் அதைச் செய்வாரா என்று அந்த அம்மாள் கேட்டார். செய்ய மாட்டார் என்பது இவருக்கு நிச்சயமாகத் தெரியும். கேட்டுப் பார்க்கிறேன் என்றார். மறுநாள் காலையில் இந்த நான்கு கம்பிகளும் இன்னொரு கட்டடத்தில் இருந்தாக வேண்டும். துளைகளை அடைத்தார், துடைத்தார். நல்ல வேலைக்காரர், அங்கே ஏதாவது இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

துண்டில் சுற்றிக் கட்டும்போது டிரைவருக்கு அவசரம் வந்துவிட்டது. அந்த அம்மாள் தன் தோளைக் கொடுத்து நடத்திக் கூட்டிவந்தார். குளியலறை வாசலைத் தாண்டி இருக்கை வரைக்கும் வந்துவிட்டார்கள். இருக்கையில் இறக்குகிற இடத்தில் அந்த அம்மாளால் முடியவில்லை. இருவரும் சேர்ந்து ஆடினார்கள். டிரைவரின் இடது கை பளபளக்கும் டைல்ஸில் பிடி தேடி வழுக்கியது.

இவர் கம்பிக் கட்டைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனார். ஈரம் காயாத சிமெண்டின் மேல் முதுகைச் சாய்த்து, வலிக்கும் முட்டியைத் தரையில் ஊன்றி, முன்கையைக் குறுக்கே நீட்டினார். டிரைவர் அதை இறுகப் பிடித்து, முழு எடையும் கொடுத்து, மெல்ல இறங்கி உட்கார்ந்தார். பிடியை விடவில்லை. இவர் கையை அப்படியே நீட்டி வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.